ஒன்பதாம் குழியின் வாசல்படி

உலகத்தில் இதுவரை தோண்டிய, இனித் தோண்டப்போகிற எல்லாக் குழிகளும் திருச்செங்கோடு ஜெகதீஸ்வரனுக்குக் கட்டுப்பட்டவை. இதைச் சொன்னவர் ஜெகதீஸ்வரனேதான். மூன்று ரிக் வண்டிகளோடு ஆறு மாநிலங்களில் போர்வெல் போட்டவர் என்பதால் யாரும் மறுக்கவில்லை. ஆயிரத்து இருநூறு அடிக்குப் பாறையைத் துளைத்தவனுக்கு நாலங்குலக் குழியில் பந்தைப் போடுவது பல் குத்துகிற வேலை என்று சொல்லித்தான் மேட்டூர் கோல்ஃப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். அணையில் தண்ணீர் எழுபதடிக்குக் கீழே இறங்கும் வருடங்களில், வெடித்துக் கிடக்கும் அணைத்தரையில் நடக்கும் போட்டி அது. நேற்று மட்டையைத் தொட்டவரும் ஆடலாம். ஆட்டம் சுமாரானவர்களுக்கு அதற்கேற்ப மட்டையடிகளில் சிலவற்றைக் கழித்துவிடுவார்கள். அடி குறைந்தவரே ஜெயித்தவர்.

அங்கே ஒன்பதாம் குழிக்குள் மட்டும் பந்து அழைக்காமல் போகாது. அணை கட்டியபோது மூழ்கிய ஒரு வீட்டின் வாசல்படியை ஒட்டி வெட்டிய குழி. பந்து உருண்டு வந்து, குழிக்கு நேர்மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றுகொள்ளும். குனிந்து, விளிம்பில் வெற்றிலை பாக்கு வைத்து, உள்ளே வாங்க என்றால் இறங்கும். அழைப்பை ஓர் அடியாகக் கணக்கிடக் கூடாது என்பது ஏழாவது விதி. ஆறாவது விதி, எருமை குறுக்கே வந்தால் வழிவிடுவது.

“பந்துக்கு வெத்தல பாக்கா?” என்று ஜெகதீஸ்வரன் சிரித்தார். “வாசல்ல நின்னுக்கிட்டுக் கூப்புட்டாத்தான் வருவேங்கறதுக்கு அது என்னங்க, சம்பந்தியா?”

யாரும் சிரிக்கவில்லை. தங்கை அமுதவல்லியின் புதுமனை புகுவிழா அழைப்பு போனில் வந்தது, ஆளாக வரவில்லை என்பதற்காக, ஆறு வருடமாக அவள் வாசலை மிதிக்காதவர் அவர். ஆவணியில் அவள் மகள் ஜோதிக்குக் கல்யாணம். ஆளாக வந்து அழைக்காமல் தாய்மாமன் சீர் வராது என்றார் ஜெகதீஸ்வரன். தாய்மாமனுக்கு எதற்கு அழைப்பு என்றார் தங்கையின் கணவர் முருகானந்தம், சூரமங்கலத்தில் ரயில்வே ஊழியர். போட்டிச் செயலாளரான துணி வியாபாரி ரஷீத் நடுவில் புகுந்து, இருவரையும் எதிரெதிராக ஆடவிட்டார். முருகானந்தம் தோற்றால் தட்டோடு போய் அழைப்பது. ஜெகதீஸ்வரன் தோற்றால் அழைக்காமலே சீர் கொண்டுபோவது.

போட்டியன்று காலை அணைக்கு நீர்வரத்து நொடிக்குப் பன்னிரண்டாயிரம் கன அடி. பத்து மணிக்கு முப்பதாயிரம். எட்டுக் குழி முடிந்தபோது கழிவு போக இருவரும் சமம். முதல் குழி அதற்குள் மீன்களிடம் போய்விட்டது. ஒன்பதாவதில் ஜெகதீஸ்வரனின் பந்து முருகானந்தத்தைவிட ஒரு மட்டையடி குறைவாகவே வந்து சேர்ந்து, ஒரு சாண் உயரத்தில் நின்றது. அவர் மட்டையால் அமுக்கினார். கிணற்றில் விழுந்த தேங்காய் போல மறுபடி மேலே வந்தது.

முருகானந்தத்தின் பந்தும் வந்து, பக்கத்தில் நின்றது. அவர் ஷூவைக் கழற்றினார், வெற்றிலை வைத்தார். “வாங்க சாமி, உள்ள வாங்க.” டொக்கென்று விழுந்தது.

தண்ணீர் வாசல்படியைத் தொட்டது.

“ஒரு வார்த்தைங்க,” என்றார் ரஷீத். “கூப்புட்டீங்கன்னா ஜெயிச்சுட்டீங்க.”

“கூப்புடுங்க மச்சான், தண்ணி வருது,” என்றார் முருகானந்தமே.

“நாங் கூப்புட மாட்டேன் மாப்பள. வேணும்னா அதுவா வரட்டும்.”

ஷூ நனைந்தது, பிறகு முழங்கால். ரஷீத் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஜெகதீஸ்வரன் ஆட்டம் முடிக்கவில்லை, தோல்வி என்று எழுதினார். பந்து இப்போதும், நூறடிக்கு ஏறிய தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. மீன்காரர்கள் பரிசலை ஒதுக்கி ஓட்டுகிறார்கள்.

சொன்ன சொல் தவறாதவர் ஜெகதீஸ்வரன். ஆவணி பிறந்த மூன்றாம் நாள், சீர்த்தட்டோடு சூரமங்கலத்தில் காரை விட்டு இறங்கி, தங்கை வீட்டு வாசல்வரை விறுவிறுவென்று நடந்தார். அதற்கு மேல் கால் போகவில்லை. வாசல்படிக்கு நேர்மேலே ஒரு சாண் உயரத்தில், தேங்காய் பழம் பட்டுப்புடவையோடு நின்றார். டவுன் பஸ்ஸில் போனவர்கள் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்தார்கள். முருகானந்தம் எழுந்து, உள்ளே பார்த்து, “அமுதா, உங்கண்ணன் வந்து நிக்கிறாரு,” என்றார். தட்டு கனத்தது, ஜெகதீஸ்வரன் கை மாற்றிக்கொண்டார். அமுதவல்லி சொம்பில் தண்ணீரோடு வந்தாள், அண்ணனை ஒருமுறை கீழிருந்து மேலே பார்த்தாள், குனிந்து படியில் வெற்றிலை பாக்கு வைத்தாள்.

“வாங்கண்ணா, உள்ள வாங்க.”

டொக்கென்று சத்தம் கேட்டது. ஜெகதீஸ்வரன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.