கடைசி வரி இல்லாத சீட்டு

“என் பேர் திருமலை. வயசு இருபத்தொன்பது. சொந்த ஊர் பள்ளிப்பட்டு. இப்போது கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் குப்புராஜ் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை சாப்பிடுகிறேன்.”

இதுவரை எழுதிவிட்டுத் திருமலை பேனாவை மூடினான்.

“அப்பறம்?” என்றாள் ரத்னா, அடுப்பை ஊதிக்கொண்டே.

“அவ்ளோதான்.”

“மயக்கம் வந்தா இன்னா குடுக்கணும்னு எழுதச் சொன்னாரே டாக்டரு?”

“முன்னபின்ன தெரியாதவன்கிட்ட சக்கரை குடு, வெல்லம் குடுன்னு கேக்கச் சொல்றியா? கை நீட்டுற மாதிரி கீது.”

“ஆமா, இவரு பெரிய ஜமீன்தாரு. கேட்டா கிரீடம் கழண்டுடும்.”

அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கேட்பது என்பது அவனுக்கு வராத காரியம். கும்மிடிப்பூண்டிக்குப் புதிதாக வந்திருந்த கம்பி கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து பக்கத்து ஆளிடம் தீப்பெட்டி கூடக் கேட்டதில்லை.

வியாதியைக் கண்டுபிடித்ததிலிருந்து பயம் வேறு சேர்ந்துகொண்டது. அவன் நைனாவுக்கும் இதே வியாதிதான். அதனால் மாத்திரையைச் சாமி தீர்த்தம் போலப் பயபக்தியோடு விழுங்குவான். பையில் எப்போதும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவன் மனசு ஏற்கவில்லை. சர்க்கரை ஆகாது என்பதற்குத்தானே மாத்திரை? இருந்தாலும் வைத்துப் பார்த்தான். கம்பெனியில் எறும்பு மொய்த்து நெஞ்செல்லாம் கடித்துவைத்தது. பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, பட்டையாக நாமம் போட்டுக்கொண்டு கிளம்பினான். மத்தியானம் வீட்டுக்கு வந்து, படையல் போட்ட பிறகுதான் சாப்பாடு. ஆனால் மாத்திரையை மட்டும் வழக்கம்போல எடுத்து வாயில் போட்டான்.

“விரதத்துல மாத்திரை போடலாமா?” என்றாள் ரத்னா.

“மாத்திரை இன்னா சோறா? அதெல்லாம் விரதத்தைக் கெடுக்காது.”

மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. வயிறு புண்ணாகாமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று அவனாகவே நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் வயிறு எரிந்தால் என்ன, பெருமாளுக்காகப் பொறுத்துக்கொள்ள மாட்டானா?

அரை நாள் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்தபோது பாசஞ்சர் இன்னும் வரவில்லை. நின்றுகொண்டிருந்தவனுக்குத் திடீரென்று சட்டை தொப்பலாக நனைந்தது. விரல்கள் உதறின. தண்டவாளம் இரண்டு நாலாகத் தெரிந்தது. எதிரிலேயே மணவாளன் டீக்கடை. ஏதாவது இனிப்பாக வேண்டும் என்று உடம்பு கூவியது. கேட்பதற்காக வாயைத் திறந்தான். நாக்கு புரளவில்லை. “கோவிந்தா” என்றுதான் வந்தது. அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

காலிக் கூடையோடு பழவேற்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீன்காரி குப்பாயி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அடப்பாவி! நெத்தியில நாமம், உள்ள சாராயம். சனிக்கெழமை கூட வுட மாட்டியா?”

மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த சமயம் அது. குடித்துவிட்டுப் பிடிபட்டால் லாக்கப்தான். மணவாளன் கிளாஸைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தான். “பாவம், நோம்பு நாளும் அதுவுமா போலீஸ்காரன் கையில மாட்டிக்கினு போறான். இரு, டீ போடறேன்.” ஸ்பூன் ஸ்பூனாகச் சர்க்கரையை அள்ளிப் போட்டான்.

அதற்குள் கண்ணாடி போட்ட ஒருவர் குனிந்து, திருமலையின் பையில் துருத்திக்கொண்டிருந்த சீட்டை எடுத்து உரக்கப் படித்தார். பேர், வயசு, ஊர் எல்லாம் படித்துவிட்டு, “சர்க்கரை வியாதியாம்!” என்று அலறினார். “யோவ், டீயை அப்பால எடு! சர்க்கரை உள்ளே போனா ஆளே போய்டுவான்!”

அதெல்லாம் திருமலையின் காதில் விழுந்தது. இல்லை, அதுதான் வேண்டும், கொடுங்கள் என்று சொல்லத் துடித்தான். தலை மட்டும் ஆடியது. எழுதாமல் விட்ட அந்த ஒரு வரி கண்முன்னே வெறும் காகிதமாக நின்றது.

“சாராயத்துக்கு இன்னா சார் வியாதி?” என்றான் மணவாளன். “எத்தினி பேரை இந்த டீயாலயே தெளிய வெச்சிக்கிறேன். நகரு நீ. ஏம்மா, அவன் தலையை நிமித்திப் புடி. டேய், முழிச்சிக்கினு தானே கீற? மொள்ளக் குடி.”

கண்ணாடிக்காரர் மணவாளனின் ஒரு கையைப் பிடித்து இழுக்க, அவன் இன்னொரு கையால் கிளாஸை நீட்டினான். திருமலை இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டான். தேனாக இனித்தது. ஒவ்வொரு மடக்காக உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் தண்டவாளம் மறுபடியும் இரண்டானது.

“இன்னும்… ஒரு பன்னு குடுப்பா,” என்றான். பிறத்தியாரிடம் அவன் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“பாத்தியா சார்?” மணவாளன் மார்தட்டினான். “அதான் நம்ம டீ!”

“நான் குடிக்கலண்ணா.”

“எல்லாரும் அதான் சொல்றாங்க. பன்னைத் தின்னு.”

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் ரத்னா முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள், மணவாளன் பேச்சைக் கேட்டதும் சிரித்தாள். விரதம் கெட்டுவிட்டதே என்று திருமலை முனகினான்.

“பெருமாளே லட்டு சாமி. கோச்சிக்குவாரா? நீ வந்து துன்னு.”

சாப்பிட்ட பிறகு அவனுக்கு வேறு பயம் பிடித்தது. “அவ்ளோ சக்கரை குடிச்சிட்டேனே, இன்னொரு மாத்திரை சேத்துப் போட்டுக்கவா?”

ரத்னா மாத்திரை டப்பாவைப் பிடுங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். “டாக்டரைக் கேக்காம ஒண்ணு கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். கெளம்பு, இப்பவே போய்க் கேப்போம்.”

திருவள்ளூரில் டாக்டர் நிதானமாகக் கேட்டார். “சாப்பாட்டை நம்பித்தான்பா இந்த மாத்திரை குடுக்கிறது. அது உடம்புல இருக்கிற சர்க்கரையைக் கொறச்சிக்கிட்டே போவும். நீ சோறு போடலன்னா அது நிறுத்தாது. விரதம்னா முன்னாடியே வந்து சொல்லு, அன்னிக்கு எப்படின்னு நான் சொல்றேன்.”

இப்போது அவன் பையில் சர்க்கரைப் பொட்டலம் மூடி போட்ட தகர டப்பிக்குள் இருக்கிறது. எறும்பு வருவதில்லை. ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம், “இன்னாபா, இன்னிக்குத் தெளிவா கீறியா?” என்று மணவாளன் கேட்பான். “தெளிவா கீறேண்ணா,” என்பான் திருமலை. எத்தனை சொல்லியும் மணவாளன் நம்புவதாக இல்லை.

சீட்டையும் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே எடுத்து, ரத்னா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, மீதியை எழுதி முடித்தான்:

“நான் வேர்த்துத் தடுமாறினால் குடித்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சர்க்கரை குறைந்துவிட்டது என்று அர்த்தம். நினைவு இருந்தால் சர்க்கரையோ இனிப்பான டீயோ கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.”