இந்தாள் மாதிரித்தான்

கம்பளை நகைக்கடையில் கொள்ளை நடந்த அன்று என் புருஷன் சுவக்கின், எங்கள் அம்பிட்டிய வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தார். ஆனால் பெண்டாட்டி சொன்னால் எந்தக் கோர்ட்டில் எடுபடும்?

அந்தக் கொள்ளைக்கு இவரைப் பிடித்துக் கண்டியில் வழக்கு நடந்தபோது, சிங்கள ஜூரியா, தமிழ் ஜூரியா, இங்கிலீஷ் ஜூரியா வேண்டும் என்று இவரையே கேட்டார்கள். கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற கிளாக்கர் அல்லவா, துரைக்கே கடிதம் எழுதிக் கொடுக்கிற பெருமை! "இங்கிலீஷ்" என்றார். பாழாய்ப்போன இங்கிலீஷ்.

கடைக்கார லாபிர் முதலாளி கூண்டில் ஏறி இவரைக் காட்டித் தமிழில் சொன்னார்: "இந்தாள் மாதிரித்தான் ஈந்திச்சு." இருந்தது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் அதை ஜூரிக்கு இங்கிலீஷில் 'இந்த ஆள்தான்' என்று ஆக்கிவிட்டார். அந்தளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். 'மாதிரி' எங்கே ஐயா போச்சு என்று கத்த வாயெடுத்தேன். சத்தம் வரவில்லை. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. இவரோ மொழிபெயர்ப்பாளரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து வருஷம் ஜெயில் என்றார்கள்.

மேன்முறையீட்டில் வாதாட அப்புக்காத்து தியாகராஜாவைப் பிடித்தேன். "இங்கிலீஷ் ஜூரியைக் கேட்டு வாங்கினது அவர்தானே அம்மா, அந்த முறைப்பாடு எடுபடாது. ஆனா கண்டிக்கு வழக்கு வாறதுக்கு முந்திக் கீழ்க்கோர்ட்டில லாபிர் சொன்னதை எழுதின கடதாசியில 'மாதிரி' கிடக்கு. அதை நான் விடமாட்டன்" என்றார்.

மேன்முறையீடு கிடந்த அந்த எட்டு மாதமும் நான் விழித்திருந்தேனா என்றே தெரியாது. அம்பிட்டிய மேட்டில் பனிமூட்டம் இறங்கும். அதற்குள்ளிருந்து இவர் குடையோடு வருவார். ஓடிப்போய்ப் பார்த்தால் வேறு யாரோ. லாபிரைத் திட்டிக்கொண்டே திரும்புவேன். நானே இப்படி ஆள் மாறிப் பார்க்கும்போது அந்த மனுஷனை என்ன சொல்ல என்று பிறகு வாய் அடங்கிவிடும்.

கொழும்பில் தீர்ப்பு வந்தது. ஜூரி பற்றிய முறைப்பாடு தள்ளுபடி. அடையாளம் காட்டியது போதாது, விடுதலை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துக்கொண்டிருந்தார்.

"கொறற்றி, ஜெயிலுக்கு உள்ளுக்க தினமும் ஒரே கனவு. அந்தக் கடையில நான் நிக்கிறேன். நகை அலுமாரி எந்த மூலையில இருக்குன்னுகூடத் தெரியுது."

"கனவு தானுங்களே!"

"நான்தான்னு கோர்ட்டில அத்தனை பேரும் சொன்னாங்களே." என் முகத்தையே பார்த்தார். "நான் போகல தானே?"

யார்மேல் கோபம் என்று தெரியாமல் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"போகல! நீங்க எங்கயும் போகல!"

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.