ஏழு வினாடித் தாமதம்

பினேடாவைக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது வருடமாக எங்கள் ஃபெர்ரிமென் பேஸ்பால் அணிக்குப் பந்து பிடிக்கும் கேட்சராகக் குத்தவைத்து உட்கார்ந்து முழங்கால் தேய்ந்த மனுஷனை, திங்கட்கிழமை மத்தியானம் வேறு ஊர் அணிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நான் டுனா சாண்ட்விச்சைப் பாதி கடித்திருந்தபோது ரேடியோவில் சொன்னார்கள். மீதியைச் சாப்பிடவில்லை.

பதிலுக்கு என்ன வாங்கினார்கள் என்று கேளுங்கள். பந்து எறிகிற பத்தொன்பது வயது பிட்சர் ஒருவன். பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கே தெரியாது. அவனோடு, ‘பெயர் பின்னால் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்’ ஒருவர். பேஸ்பாலில் இது வழக்கம்தான், இரண்டு பக்கமும் பேசி முடிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் இந்த மாதிரி வாங்கிய மூன்று பேரில் ஒருவன் கூட மைதானத்தில் கால் வைத்ததில்லை. இப்போது எங்கள் அணியில் பினேடா இல்லை, பெயரே இல்லாத ஒருவன் இருக்கிறான்.

மைதானத்தின் உச்சியில் கண்ணாடி போட்ட அறைகளில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகத்தை நான் மேல்மாடிக்காரர்கள் என்றுதான் சொல்வேன். அவர்களுக்குத் தலைவர் ஹேஸ்டிங்ஸ் வெய்ல் என்ற பொது மேலாளர். முப்பத்தெட்டு வயது. கம்ப்யூட்டரைப் பார்த்து ஆட்டக்காரனை எடை போடுகிறவர். போன வருடம் முழங்கால் போன, முதல் பேஸில் நிற்கும் ஆட்டக்காரனுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் போட்டார். அதற்கு முந்தின வருடம், எங்களுக்கு இருந்த ஒரே இடதுகை பிட்சரை வெளியே அனுப்பினார். அவன் இப்போது வேறு ஊரில் எங்களையே அடித்து நொறுக்குகிறான். இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. தினமும் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை லானி ப்ரைஸ் நடத்தும் ரேடியோ நிகழ்ச்சி. ரசிகர்கள் போன் போட்டுப் பேசலாம்.

நான் டெல்மர் நோவிக். லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். அந்த நிகழ்ச்சி கேட்பவர்களுக்கு நான் கிழக்குக்கரை டெல்மர். பதினோரு வருடமாக, சமையலறைச் சுவரில் இருக்கும் போனிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் கூப்பிடுகிறேன். முதலில் ரெனே என்ற பெண் எடுப்பாள். பெயர், ஊர், விஷயம் கேட்டுவிட்டு, “ரேடியோவைக் குறைச்சிடுங்க டெல்மர்” என்பாள். ஒரு நாள் தவறாமல் சொல்வாள். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டுவதற்காக ஒலிபரப்பை ஏழு வினாடி தாமதமாக விடுகிறார்கள். ரேடியோவைக் குறைக்காவிட்டால் நாம் பேசியதே பின்னால் வந்து நம்மைக் குழப்பும். எனக்கு ஏழு வினாடி நன்றாகப் பழகிவிட்டது.

நான் பேசி முடித்த பத்து நிமிடத்தில் வெர்னன் வருவான். பள்ளத்தாக்கு வெர்னன். கரகரத்த குரல், ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு இருமல். மேல்மாடிக்காரர்கள் என்ன செய்தாலும் அது சரி என்று பேச இந்த ஊரில் ஒருவன் உண்டென்றால் அவன்தான். முழங்கால் போனவனுக்கு ஐந்து வருடம் கொடுத்தது தொலைநோக்கு என்றான். இடதுகை பிட்சரை அனுப்பியபோது, டெல்மருக்குக் கணக்கும் தெரியாது ஆட்டமும் தெரியாது என்றான். நான் மறுநாள் கூப்பிட்டு, மேல்மாடிக்காரர்களிடம் வெர்னன் சம்பளம் வாங்குகிறானா என்று கேட்டேன். அவன் அடுத்த பத்தாவது நிமிடம் கூப்பிட்டு, என் லிஃப்டுகள் மேலே போகாததால்தான் எனக்கு மேல்மாடி மேல் இவ்வளவு கோபம் என்றான். நான் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். சில நாள் நான் வாய் திறந்து பேசிய மொத்தப் பேச்சும் அந்த நாலு நிமிடம்தான். அதை வெளியே சொன்னால் வெட்கம்.

புதன்கிழமை அடுத்த இடி. ரேடியோ ஒலிபரப்பை அணியே எடுத்துக்கொண்டதாம். வெள்ளிக்கிழமையோடு ரசிகர் அழைப்பு கிடையாது. அந்த நேரத்தில் மேல்மாடிக்காரர்களே வந்து, ‘அணியின் பாதை’ பற்றிப் பேசுவார்களாம். பினேடாவைக் கொடுத்தார்கள், அதைத் திட்ட இருந்த ஒரே வாயையும் அடைத்துவிட்டார்கள். லானி இந்த அறிவிப்பைப் படித்தபோது அவன் குரலே சரியாக இல்லை. நான் கூப்பிட்டுக் கத்தினேன். இர்மா கூட இந்த முடிவைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள் என்றேன்.

இர்மா என் மனைவி. அவள் போய் ஆறு வருடமாகிறது. ரேடியோவில் மட்டும் இன்னும் இருக்கிறாள். யாருக்கும் தெரியாது.

வெர்னன் வந்தான். இருமினான். அழைப்புகள் எல்லாம் பழைய காலத்துச் சமாச்சாரம், நிர்வாகம் செய்தது சரி என்றான். சட்டியைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது. அப்போதுதான் என் ஜன்னல் வழியாக ஆற்றுப் பாலத்தின் ஊதல் கேட்டது. ஜல்லிப் படகு வரும்போது பாலத்தைத் தூக்குவார்கள், ஒரு நீளமும் ஒரு குட்டையுமாக ஊதுவார்கள். ஊதி முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்து ரேடியோவுக்குள்ளிருந்து, வெர்னன் பேச்சுக்குப் பின்னால், அதே ஊதல் வந்தது. ஒரு நீளம், ஒரு குட்டை. என் ஜன்னலில் கேட்டதை விடச் சத்தமாக.

பள்ளத்தாக்கு இங்கிருந்து இருபது மைல். அங்கே பாலமும் இல்லை, ஆறும் இல்லை.

வியாழக்கிழமை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெர்னன் பேசும்போது படகு வந்தது. ஜன்னலில் ஊதல், பிறகு ரேடியோவில் ஊதல். சரியாக ஏழு வினாடி. பயல் பாலத்தடியில் உட்கார்ந்துகொண்டு பதினோரு வருடமாக ஊரை ஏமாற்றுகிறான் என்று ஒரு நிமிடம் ரத்தம் கொதித்தது. பிறகு இர்மா ஞாபகத்துக்கு வந்தாள். அவனுக்கும் பள்ளத்தாக்கில் ஒரு வீடு இருந்திருக்கும், அது இப்போது இல்லாமல் இருக்கும். கேட்க நான் யார்?

ரெனேயைக் கூப்பிட்டு அவன் நம்பரைக் கேட்டேன். முடியாது என்றாள், கறாராக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். நாளை ஆறு மணிக்கு மேல் அந்தக் குரல் எனக்குக் கிடையாது. அப்போது புரிந்தது. பினேடா போனது கோபம். இது பயம். மேல்மாடிக்காரர்கள் என்ன முட்டாள்தனம் செய்தாலும், அதைப் பற்றிச் சண்டை போட எனக்கு இனி ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் கூப்பிடவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவை. மைதானத்துக்கு எடுத்துப்போகும் சின்ன ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு பாலத்துக்கு நடந்தேன். ஆகஸ்ட் வெயில். பாலத்தடித் தெருவில் பழைய செங்கல் குடியிருப்புகள், ஏசி இல்லாத வீடுகள், எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. அவன் பேசுவது எனக்கு நேரே கேட்டு, பிறகு ரேடியோவில் கேட்டால், அதுதான் வீடு. அவ்வளவுதான் என் திட்டம். ஐந்து மணி வரை தெருவை இரண்டு முறை சுற்றினேன். ஒரு பெண் பால்கனியிலிருந்து யாரைத் தேடுகிறேன் என்று கேட்டாள். வெர்னன் என்றேன். தெரியாது என்றாள்.

ஐந்தே முக்கால் ஆனது. ரேடியோவில் யார் யாரோ அழுதார்கள், லானிக்கு நன்றி சொன்னார்கள். வெர்னன் வரவில்லை. என் முழங்காலும் பினேடா முழங்கால் மாதிரி ஆகிவிட்டது. திரும்பிவிடலாம் என்று தெருமுனை வரை வந்தபோது மேலே எங்கேயோ இருமல் கேட்டது.

மூன்றாவது மாடி. மின்விசிறி சுற்றும் ஜன்னல். நான் நின்றேன். ஏழு வினாடி கழித்து என் காதில் அதே இருமல்.

“டெல்மர் இன்னிக்குக் கூப்பிடலையா லானி?” என்றது மேலே குரல்.

லானி சொன்ன பதில் எனக்கு ரேடியோவில் பிந்தித்தான் வந்தது. அதற்குள் வெர்னன் அடுத்ததுக்குப் போய்விட்டான். நான் ரேடியோவைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ஜன்னலையே பார்த்தேன்.

“அவனுக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு பாக்கச் சொல்லுங்க. ஒரு நாள் தவறமாட்டான்.” மறுபடி இருமல். “சரி, கடைசி நாளு. சொல்லிடறேன். பினேடாவைக் குடுத்தது மகா மடத்தனம். அந்த வெய்லை ஐஸ்கிரீம் கடையில கூட வேலைக்கு வெக்கக்கூடாது. அன்னிக்கு எனக்குச் சாப்பாடு எறங்கல.”

அப்படியானால் இத்தனை நாள் ஏன் நிர்வாகத்தின் பக்கம் பேசினீர்கள் என்று லானி கேட்டிருக்க வேண்டும். பிறகு வெர்னன் மெதுவாகச் சொன்னான். மின்விசிறிச் சத்தத்தில் நான் காதைத் தீட்டிக் கேட்க வேண்டியிருந்தது.

“நானும் ஆமான்னு சொல்லிட்டா அவன் என்னத்துக்கு மறுநாள் கூப்பிடுவான்? எதுத்துப் பேசினாத்தான வருவான்.”

பதினோரு வருடம். முழங்கால்காரன், இடதுகை பிட்சர், டிக்கெட் விலை, அந்தக் கேவலமான புதுச் சட்டை, ஒன்று விடாமல் அத்தனைக்கும் வக்காலத்து வாங்கினான். அத்தனையும் நான் மறுநாள் என் சுவர் போனை எடுக்க வேண்டும் என்பதற்காக. நடுத்தெருவில் நின்று கத்தினேன். ஒலிபரப்பில் போகும் என்று தெரியும், அதனால் கெட்ட வார்த்தை இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

“வெர்னன்! இதைச் சொல்ல உனக்குப் பதினோரு வருஷமாய்யா?”

மேலே பேச்சு நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது. நான் கையில் வைத்திருந்த ரேடியோவில் வெர்னன் இன்னும் பழைய வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்த்துப் பேசினால்தான் வருவான் என்றான். அதன் பின்னால், தூரத்தில், ஒரு கிழவன் கத்துவது கேட்டது. என் குரல் வெளியிலிருந்து இப்படித்தான் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. ரொம்பத் தனியாகக் கேட்டது.

மின்விசிறியை யாரோ நகர்த்தினார்கள். ஒல்லியான ஒரு ஆள், வெளுத்த ஃபெர்ரிமென் தொப்பி, காதில் போன். என்னைப் பார்த்தான். என் கையில் அலறிக்கொண்டிருந்த ரேடியோவைப் பார்த்தான்.

“முதல்ல ரேடியோவைக் குறைய்யா டெல்மர்,” என்றான். “அப்புறம் மேல வா. கதவு தெறந்துதான் கெடக்கு.”

ஏழு வினாடி கழித்து ஊர் முழுக்க அதைக் கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. ரேடியோவை அணைத்துவிட்டேன்.