பனிக்காலத்துக்கு வைத்த பூ

மனுஷனுக்கு வாய் நன்றாகத்தான் இருக்கிறது. பக்கவாதம் வலது கையையும் காலையும்தான் பிடித்தது. வாணியம்பாடி தோல் மண்டியில் நின்று தெருவே கேட்கப் பேசிய என் வீட்டுக்காரர் ஃபரூக், ஜவ்வாது மலைக்கு வந்து வாயை மூடிக்கொண்டார். வெக்கை இல்லாத இடமாக இருக்கட்டும் என்று வாடகைக்கு வீடு பிடித்துக் கூட்டி வந்தவள் நான்தான். சாப்பிடச் சொன்னால் தலையாட்டுவார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சுவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த அலுப்பு.

கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். சரி, கண்ணைத் திறக்கிற மாதிரி வெளியே ஏதாவது இருக்கட்டும் என்று பனிக்காலத்துக்கு ஒரு தோட்டம் போட முடிவு செய்தேன். அவரைக் குளிப்பாட்ட நாற்காலியில் உட்காரவைத்த நேரத்தில், அவர் தலையணையில் நானே தலை வைத்துப் படுத்துப் பார்த்தேன். சன்னலை ஒட்டி ஊதா டிசம்பர் பூ, அதற்குப் பின்னால் மஞ்சள் சாமந்தி, கடைசியில் உயரமாகச் சிவப்புச் சேவல்கொண்டை. ஒன்று வாடினாலும் அடுத்தது கண்ணில் படும்.

செங்கம் சந்தையிலிருந்து பஸ்ஸில் நாற்றை மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிவிட்டு, மிச்சமிருந்த தெம்பில் மண் கொத்தினேன். முதுகு விட்டுப்போனது. வேலி போடவில்லை. சுற்றிலும் சாமைக் காடு, ஒரு மாடுகூட வாய் வைக்கவில்லை. இந்த ஊர் மாடு மரியாதை தெரிந்த மாடு என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்கழியில் எல்லாம் பூத்தது. "பாருங்களேன், சேவல்கொண்டை எப்படிச் சிவந்துருக்குன்னு." அவர் பார்க்கவில்லை. அன்று அடுப்படியில் போய் அழுதேன்.

அடுத்த நாள் காலை பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

"சகிலா! அடியே சகிலா! மாடு! மாடு பூவத் தின்னுதுடி!"

அவருடைய பழைய மண்டிக் குரல். ஈரக் கையோடு முன்பக்கம் ஓடினேன். ஆறேழு மாடுகள். டிசம்பர் பூ மண்ணோடு மண்ணாகிவிட்டது, சாமந்தி மிதிபட்டுக் கிடந்தது. ஒரு செவலைப் பசு சேவல்கொண்டையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. யா அல்லாஹ், என் உழைப்பெல்லாம் போச்சே என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து நிலத்துப் பாஞ்சாலி கோலோடு ஓடிவந்தாள்.

"ஐயோ அக்கா, உங்களுக்குத் தெரியாதா? சாமை அறுத்துட்டா மாட்ட அவுத்து வுட்டுருவோம். உழவு வர்ற வரைக்கும் அதுங்க பாட்டுக்கு மேயும். பனிக்காலத்துல நாங்க வெளிய ஒண்ணும் வக்க மாட்டோம்."

ஊருக்கே தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

"இன்னாடி பாத்துகினு குந்திகினு கீற? வெரட்டு! ஏய், ஹை! அந்தச் செவப்பையாவது வுடு, சனியனே!" உள்ளேயிருந்து சத்தம் நிற்கவில்லை. சன்னல் கம்பியை இடது கையால் பிடித்து எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் சிவப்பு அவர் கண்ணில் பட்டுத்தான் இருக்கிறது.

பாஞ்சாலி கோலை ஓங்கினாள். நான் எழுந்து அவள் கையைப் பிடித்தேன்.

"நாளைக்கே முள்ளு வெட்டியாந்து வேலி கட்டித் தர்றேங்க்கா."

"வேலியெல்லாம் வேணாம் பாஞ்சாலி," என்றேன். "நாளைக்கும் இந்தப் பக்கமே ஓட்டி வுடு."