எந்தப் பந்து அருகில்

1

வயிற்றெரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒன்பது பந்து பில்லியர்ட்ஸ் போட்டி நடத்தும் இருவரும் தேதித் தகராறைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்று செய்தித்தாளில் மூன்று வரி வந்தது. பேசித் தீர்த்தார்களாம்! எங்கள் அண்ணியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘பச்சைத் துணியின் மேல் விளக்கொளி மெல்லப் படர்ந்து’

(நிறுத்திவிட்டேன். அண்ணி படித்தால் சிரிப்பார்.)

இரண்டாம் தொடக்கம்: ஒருவர் கணவர், இன்னொருவர் தம்பி.

இது போதும். கணவர், அதாவது என் அண்ணன், ஒரு தொடர்போட்டி நடத்துகிறார். அண்ணியின் தம்பி இன்னொன்று நடத்துகிறார். இருவரும் ஒரே நான்கு நாட்களைக் குறித்தார்கள். இருவருக்கும் தலைமை நடுவராக அண்ணியே வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அவர் சொன்ன தீர்ப்பை ஒருமுறைகூட மாற்றியதில்லை. அவர் நின்றால் ஆட்டக்காரர்கள் வாய் திறப்பதில்லை.

கணவர் பக்கம் போனால் புருஷனுக்குப் பரிந்தாள் என்பார்கள். தம்பி பக்கம் போனால் பிறந்த வீட்டுப் பாசம் என்பார்கள். எப்படியும் அந்தப் பத்தொன்பது வருடமும் போய்விடும். துணி மடிக்கும்போதும் அண்ணிக்கு அதே யோசனைதான்.

3

கடைசியில் இருவருக்கும் ஒரே வரி எழுதினார்: அந்த நான்கு நாளும் நான் வரவில்லை. தம்பிக்குத் தபாலில் போனது, கணவருக்கு உப்புப் புட்டியின் கீழ் வைத்தார்.

எதிராளி அண்ணியை வலைவீசித் தன் பக்கம் இழுத்துவிட்டான் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். வேறு நாளானால் வருவார் என்று, யாருக்கும் சொல்லாமல் இருவரும் தேதியை மாற்றினார்கள். புதிய தேதிகளும் ஒரே நான்கு நாட்களாகிவிட்டன.

(நம்ப முடியவில்லையா? அந்தப் பருவத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வாக மிஞ்சியிருந்தது அந்த ஒரு வாரம்தான். இருவரும் ஒரே நாட்காட்டியைத்தான் பார்த்தார்கள்.)

4

இங்கே ஒரு சந்தேகம். அண்ணனை எழுதும்போது என் பேனா அவரை நல்லவராக்கிவிடுகிறது. தம்பிக்கோ பெரிய மீசை வைத்துவிட்டது. அவருக்கு மீசையே கிடையாது. மீசையை எடுத்துவிட்டேன்.

5

ஞாயிறு மத்தியானம் பயிற்சிக் கூடத்துக்கு இருவரையும் வரச் சொன்னார் அண்ணி. மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள், திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார்கள். மேஜையின் ஒரு முனையில் இரண்டு பந்துகளை வைத்தார். இருவரும் பழைய ஆட்டக்காரர்கள், சொல்லாமலே புரிந்தது. ஆட்டத்தை யார் தொடங்குவது என்று இப்படித்தான் முடிவு செய்வார்கள். பந்து எதிர்முனையில் மோதித் திரும்பி வரவேண்டும், புறப்பட்ட பக்க விளிம்புக்கு அதிக அருகில் நிற்கும் பந்து ஜெயிக்கும். ஜெயித்தவருக்கு அந்தத் தேதி, தோற்றவர் ஒரு மாதம் தள்ளிப் போடவேண்டும். இரண்டுக்கும் தானே நடுவர் என்றார் அண்ணி.

தம்பி கேட்டார்: “யாரு பாத்துச் சொல்றது?”

“வேற யாரு மச்சான்? உங்க அக்காதான்.”

தம்பி ஆட்டக்கோலின் நுனியில் சாக்கட்டி தேய்த்தபடி சொன்னார்: “அப்ப சரி அத்தான்.”

அண்ணி சட்டென்று விளக்கைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டார். விளக்கு சரியாகத்தான் இருந்தது.

பந்துகள் ஒன்றாகப் போயின, ஒன்றாகத் திரும்பின, ஒரு நகத்தளவு முன்பின்னாக நின்றன. அண்ணி குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “இது” என்று ஒரு பந்தின் மேல் விரலை வைத்தார். இருவரும் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். கிட்டே வந்து பார்க்கக்கூட இல்லை.

கதவருகே நின்ற எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

6

முடிவு (அ): அண்ணனின் பந்து

முடிவு (ஆ): தம்பியின் பந்து

இரண்டையும் முழுதாக எழுதி அண்ணியிடம் காட்டினேன். இரண்டையும் அடித்துவிட்டார். “தோத்தவரே வாயத் திறக்கல. நீ எதுக்கு எழுதற?”

தேதியைப் பார்த்தால் ஜெயித்தவர் யாரென்று தெரிந்துவிடும், ஆகவே தேதிகளையும் எடுத்துவிட்டேன். [——] முதல் [——] வரை. தீர்ப்பு இனி உங்களுடையது. சொன்ன பிறகு மாற்றக்கூடாது. அதனால் முதலில் நன்றாகக் குனிந்து பாருங்கள். அங்கே நிற்பவர்களில் ஒருவர் உங்கள் கணவர், மற்றவர் உங்கள் தம்பி.