முப்பதில் நின்ற முள்

விடிவதற்குள் நாற்பது குழாய்கள். சோதனைக்காரனும் அவன் மச்சானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி மேடையில் போட்டார்கள். இரு வாயிலும் இரும்பு மூடியை இறுக்கி, உள்ளே தண்ணீரை ஏற்றி, அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். துருத் தண்ணீரில் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக உரிந்துகிடந்தது.

முள் ஐம்பதைத் தொட வேண்டும். ஆறு மாதமாக முப்பதில் நிற்கிறது. நிறுத்துவது சோதனைக்காரன்தான்.

குழாயாக வளைக்கிற இரும்புத் தகட்டுச் சுருளின் விலை ஏறியதும் முதலாளி மெல்லிய சுருளை இறக்கினார். ஐம்பது கொடுத்தால் பற்றவைத்த தையல் பிளந்தது. “விலை இறங்கட்டும், பழையபடி ஐம்பதுக்குப் போயிடலாம்” என்றார். அவனும் நம்பினான். முப்பது தாங்கிய குழாயின் விளிம்பில் தன் ஏழாம் நம்பர் முத்திரையை வைத்துச் சுத்தியலால் அடித்தான். ஐம்பது தாங்கும் என்பதற்கு அந்த ஏழுதான் சாட்சி. இல்லாவிட்டால் வாங்குகிறவன் சரக்கைத் தொடமாட்டான்.

போன வாரம் முப்பதிலேயே ஒன்று பிளந்தது. மூடி பறந்து, கூட வேலை பார்த்த நெட்டையனின் தாடையை உடைத்தது. ஓயாமல் பேசுகிறவன், இப்போது பற்களைக் கம்பியால் கட்டிக்கொண்டு குழலில் பால் உறிஞ்சுகிறான். அன்றிலிருந்து சோதனைக்காரனுக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஏழு மணிக்கு முதலாளி வந்தார். டீயில் நனைந்து தொங்கிய பிஸ்கட்டை நாக்கால் வாங்கிக்கொண்டே பேசினார்.

“மார்க்கெட் சரியில்லப்பா. சுருள் விலை ஏறிக்கிட்டே போகுது. இந்த மாசம் கூலியில கொஞ்சம் பிடிச்சுதான் ஆகணும்.”

“போன வருஷம் விலை விழுந்துடுச்சுன்னு பிடிச்சீங்களே?” என்றாள் குழாய்ப் பிசிறு தேய்க்கும் அக்கா.

“அது விழுந்தப்ப. இது ஏறுனப்ப.”

“நடுவுல எப்பவாவது நின்னா சொல்லி அனுப்புங்க. அன்னிக்கு வயிறாரத் தின்னுக்கிறோம்.”

சிரிப்பு எழுந்தது. முதலாளி உதட்டோரத் துகளைத் துடைத்துவிட்டுச் சோதனைக்காரனிடம் திரும்பினார்.

“ஆஸ்பத்திரி சரக்குக்கு லாரி நிக்குது. இனிமே தண்ணி விடுற வேலையே வேணாம். முத்திரைய மட்டும் குத்து.”

“சோதிக்காமயா?”

“நெட்டையன் மாதிரி இன்னொருத்தன் அடிபடக் கூடாதுல்ல? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

சோதனைக்காரன் முத்திரையைக் கையில் எடுத்தான்.

“முப்பதுக்குக் குத்துனதே தப்பு சார். இது தீயணைக்கத் தண்ணி போற குழாய். அங்க தீப்பிடிச்சா, எழுந்து ஓட முடியாதவங்கதான் படுத்திருப்பாங்க. நான் குத்தமாட்டேன்.”

முத்திரையை மேடையில் வைத்தான்.

“அப்ப வெளிய போ. நீ குத்துடா” என்று முதலாளி மச்சானைப் பார்த்தார். “இவன் வேலை உனக்கு.”

மச்சான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். “தையலைப் பற்றவச்சவன் நான். அது தாங்காதுன்னு எனக்குத் தெரியாதா? அதோட, இவருக்கு வாக்கப்பட்ட எங்க அக்கா வீட்டுப் பக்கம் நான் தலைகாட்ட வேணாமா சார்?”

பிசிறு தேய்க்கும் அக்கா சாணைக்கல்லை அணைத்தாள். ஒவ்வொன்றாய் மற்ற இயந்திரங்களும் அடங்கின.

முதலாளியே சுத்தியலை எடுத்தார். முத்திரையை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் அடியிலேயே அது வழுக்கி, தகட்டை வளைக்கும் உருளைகளைக் குளிரவைக்கும் எண்ணெய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. பல நாள் மாற்றாத தண்ணீர். மேலே ஆடை படிந்து, செத்த எலியின் வாடை அடித்தது.

“எடுங்கடா!”

யாரும் குனியவில்லை. முதலாளி சட்டைக் கையைப் பாதிவரை சுருட்டினார், முகர்ந்தார், மறுபடி இறக்கிவிட்டுக்கொண்டார்.

“நாளைக்கு வேற ஆளுங்க வருவாங்க. நீங்க ஒருத்தரும் உள்ள வரக் கூடாது!”

“வரட்டும். கேட்டுலயே உட்கார்ந்து அவங்ககிட்டயும் சொல்றோம்” என்றான் சோதனைக்காரன்.

“நெட்டையன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வரேன்” என்றாள் அக்கா.

எல்லோரும் வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். “நானும் ஆஸ்பத்திரில கிடந்தவன்தாம்ப்பா” என்று சொல்லி, அவர்களோடு உட்கார இடம் பார்த்தார். மச்சான் நகர்ந்து இடம் கொடுத்தான்.