கட்டுக்குள் மூச்சு

டாக்டர் தொட்டிலை மூடியிருந்த துணியின் ஓரத்தைச் சற்றே தூக்கி, குழந்தை பெக்தூரின் முகத்தை மட்டும் பார்த்தார். நாற்பது நாள் ஆகாத பிள்ளையை வெளியாளுக்கு அவிழ்த்துக் காட்டுவது கிர்கிஸ் மலையூரான அத்-பாஷியில் வழக்கமில்லை. அவரும் அந்த ஊர்க்காரர்தான், அவிழ்க்கச் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கால் நிமிடம் மூச்சை எண்ணினார், நாலால் பெருக்கினார்.

“சரியான அளவுதான். நிம்மதியாத் தூங்குறான்.”

“பால் குடிக்கவே இல்ல டாக்டர்,” என்றாள் சைகால்.

“அவ அப்படித்தான்,” என்று சிரித்தாள் ஓரகத்தி தோத்துகுல். “குழந்தை தும்மினாலே ஊரைக் கூட்டிருவா. நீங்க டீ குடிங்க.”

சைகாலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முந்தின பனிக்காலத்தில் இதே தொட்டிலில், உடம்பை அசையாமல் கட்டிவைக்கும் இதே பட்டைகளுக்குள், அவளுடைய பெண்குழந்தை பெர்மெட்டும் நிம்மதியாகத்தான் தூங்கினாள். புதைத்த பிறகு நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி பொறுமையாக விளக்கினாள். நெஞ்சில் சளி அடைத்தால் ஒவ்வொரு மூச்சிலும் காற்று குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மூளை மூச்சை வேகப்படுத்துகிறது. கைக்குழந்தையின் மூச்சு விட்டுவிட்டு வரும், அதனால் முழு நிமிடம் எண்ண வேண்டும், சட்டையைத் தூக்கிப் பார்த்து எண்ண வேண்டும், அறுபதைத் தாண்டினால் ஆபத்து. எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்கள். செத்த பிறகு சொல்லத்தான்.

சைகால் துணியை இழுத்து எறிந்தாள்.

“ஏண்டி, கண்ணுபடும்டி!” தோத்துகுல் அவள் கையைப் பிடித்தாள். “மானத்த வாங்காத.”

“படட்டும். பெர்மெட்ட யாரு கண்ணுலயும் காட்டலியே, அவ எங்க இப்போ?”

தோத்துகுல்லின் கை தானாக விலகியது. சைகால் மார்பின் குறுக்கே இறுக்கிய பட்டையை அவிழ்த்தாள், காலில் கட்டியதையும் அவிழ்த்தாள். சட்டையை மேலே சுருட்டினாள். விலா எலும்புகளுக்குக் கீழே, மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் தோல் குழியாக உள்ளே போனது. பட்டைக்குள் இருந்தவரை யாருக்கும் தெரியாத குழி.

“இப்ப எண்ணுங்க,” என்றாள். “முழு நிமிஷம்.”

டாக்டர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எண்ணினார். அறுபதைத் தாண்டியும் அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நிமிடம் முடிந்ததும் எழுந்து வண்டிச் சாவியைத் தேடினார்.

“உடனே நகரத்துக்குப் போகணும். இவ்வளவு முத்தவிட்டா கூப்பிடுறது? முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“நேத்தும் வந்தீங்க!” சைகால் கத்தினாள். “நேத்தும் துணியத்தான் பார்த்தீங்க!”

அவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், சைகால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தோத்துகுல் பட்டைகளை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். “வெளியில குளிருது, கட்டித் தூக்கிட்டுப் போ.”

“கிட்ட கொண்டுவராத அத!”

சைகால் தன் மேல்கோட்டுக்குள் பெக்தூரை நுழைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வழிநெடுக அவன் நெஞ்சின் மேல் அவள் உள்ளங்கை இருந்தது. டாக்டர் இரண்டு முறை பேச வாயெடுத்தார். “ரோட்டப் பாருங்க,” என்றாள்.